அறை மூலையில் ஒரு ஒளிக் கனசதுரம் செய்வது எப்படி?

ஒளியை வைத்தே கலை செய்யும் அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரல் 1967-ல் செய்த ‘அஃப்ரம் 1’ படைப்பில் பொருள் என்று எதுவும் கிடையாது. அறை மூலையில் புரொஜெக்டரின் வெள்ளை வெளிச்சம் விழுகிறது, அவ்வளவுதான். ஆனால் தள்ளி நின்று பார்த்தால் ஒளியாலேயே ஆன கனசதுரம் ஒன்று சுவரை விட்டு வெளியே வந்து மிதப்பதுபோல் தெரியும். கல்லூரியில் புலனுணர்வு உளவியல் படித்தவர் அவர். இந்த வித்தையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

முதலில் நல்ல மூலையாகத் தேடுங்கள். புரொஜெக்டரை விட இதுதான் முக்கியம் என்பேன். ஸ்விட்ச் போர்டு, ஆணி, காலண்டர் எதுவும் இருக்கக் கூடாது, சுவர் பளபளக்காத வெள்ளையாக இருக்க வேண்டும் (எனாமல் பெயிண்ட் என்றால் வெளிச்சம் திட்டாக மின்னிக் காரியத்தைக் கெடுத்துவிடும்). மூலைக்கோடு நேராக இருக்கிறதா என்று நூலில் ஒரு கனத்தைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள்.

அடுத்து படம். பவர்பாயிண்ட்டில் முழுக் கருப்புப் பின்னணி வைத்து, நடுவில் வெள்ளை அறுகோணம் ஒன்று வரையுங்கள். மேல் முனையிலிருந்து கீழ் முனை வரையிலான நடுக்கோட்டின் உயரம் 10 என்றால் இடது, வலது ஓரங்கள் இரண்டும் 8 இருக்கட்டும், மேலும் கீழும் சமமாகக் குறைய வேண்டும். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பது கண்ணின் பழக்கம், அதனால் உயரமான நடுப்பகுதி நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளும். நடுக்கோடு மூலைக்கோட்டின் மேல் அச்சாக விழும்படி புரொஜெக்டரைத் திருப்புங்கள், படத்தைத் தானாகச் சரிசெய்யும் கீஸ்டோன் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

புரொஜெக்டரின் கருப்பு உண்மையில் கருப்பு இல்லை. அறுகோணத்தைச் சுற்றி சாம்பல் நிறச் செவ்வகம் ஒன்று மங்கலாகத் தெரியும், அது தெரிந்தால் மாயம் போச்சு. கருப்பு அட்டையில் ஓட்டை வெட்டி லென்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி அதை மறையுங்கள், காற்றுத் துவாரத்தை மட்டும் அடைக்காதீர்கள். ஜன்னல், கதவிடுக்கு, சார்ஜர் விளக்கு எல்லாவற்றையும் மூடுங்கள்.

சரி, இப்போது மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் சுவர் உள்வாங்கியிருப்பது மூளைக்கு எளிதில் தெரிந்துவிடும், ஒற்றைக் கண்ணுக்கு அந்தத் துப்பு கிடைக்காது. கனசதுரம் பிடிபட்டதும் மெதுவாகப் பக்கவாட்டில் நடந்தால் அது உங்கள் கூடவே திரும்பும்! அப்படியே கிட்டே போங்கள், ஓரிடத்தில் சட்டென்று சுவரில் விழுந்த வெறும் வெளிச்சமாகிவிடும். அந்த இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டிவையுங்கள். வேறு ஒருவரை நடக்கச் சொன்னால் அவருக்கு வேறு இடத்தில் உடையலாம்.