தரங்கம்பாடியும் பிச்சாவரமும்: இரண்டு இரவு தங்கிப் பார்ப்பது எப்படி

தரங்கம்பாடிக்கு வருவோரில் பெரும்பாலோர் காரைக்காலுக்கோ நாகூருக்கோ போகும் வழியில் அரை மணி நேரம் இறங்கி, கோட்டை வாசலில் படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். ஒரு மாலையும் ஓர் இரவும் ஒரு விடியலும் தங்கிப் பார்த்தால்தான் இந்த ஊர் விளங்கும். அதன்பின் வடக்கே சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள சிதம்பரத்துக்குச் சென்று, மறுநாள் காலையில் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டைப் பார்த்தால், ஒரே கடல் இரண்டு கரைகளில் எப்படி இருவேறு விதமாக நடந்துகொள்கிறது என்பதையும் நேரில் காணலாம்.

ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரையிலான காலமே இப்பயணத்துக்கு ஏற்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல் எச்சரிக்கையும் படகுப் பயணத்தைத் தடைப்படுத்தக்கூடும். சித்திரை, வைகாசி வெயிலில் நிழலற்ற கோட்டை முற்றத்தில் நிற்பதே கடினம்.

தரங்கம்பாடிக்கு மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் வருவது எளிது. ஊருக்குள் தங்குமிடங்கள் மிகக் குறைவு என்பதால் முன்பதிவு தேவை. அருகிலுள்ள திருக்கடையூரில் விடுதிகள் நிறைய உண்டு. ஆனால் அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் செய்துகொள்ள வரும் குடும்பங்கள் முகூர்த்த நாள்களில் அவற்றை நிரப்பிவிடுவதால், பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மாலை நான்கு மணியளவில் ஊரின் மேற்கு எல்லையிலுள்ள நகர வாயிலிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். 1792இல் கட்டப்பட்ட அந்த வெள்ளை வாயிலின்மீது அப்போது சாயும் வெயில் நேராக விழும். அங்கிருந்து ராஜவீதி கடலை நோக்கிச் செல்கிறது. தூரம் மிகக் குறைவுதான், ஆயினும் மெதுவாக நடக்க வேண்டிய தெரு இது. 1701இல் எழுந்த சீயோன் ஆலயத்தையும், 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தையும் வழியிலேயே பார்க்கலாம். 1706இல் இங்கு வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவின் கல்லறை புதிய எருசலேம் ஆலயத்துக்குள் இருக்கிறது. தமிழின் முதல் அச்சு நூல் தரங்கம்பாடியில் வெளிவந்தது என்று பலர் சொல்வார்கள், அது சரியன்று. கொல்லத்தில் 1578இலேயே தமிழ் நூல் அச்சாகிவிட்டது. சீகன்பால்கு இங்கு அச்சிட்டது தமிழில் பைபிளின் புதிய ஏற்பாட்டை. ஓர் இந்திய மொழியில் அது முழுமையாக அச்சேறியது அதுவே முதல் முறை. அச்சுக்கூடத்தின் தேவைக்காகப் பக்கத்துப் பொறையாற்றில் காகிதப் பட்டறையும் நடந்தது. இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் அமைதியான அந்தத் தெருவின் மதிப்பு பல மடங்கு கூடும்.

மறுநாள் விடியற்காலையில் முதலில் கடற்கரைக்குச் செல்லுங்கள். அங்கே கடலோரத்தில் நிற்பது மாசிலாமணிநாதர் கோயில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்த இக்கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலைகளைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்கள் வழுக்கும் என்பதால் அவற்றின்மீது ஏற வேண்டாம். குழந்தைகளுடன் வருவோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

உதய வெயில் கடலைப் பார்த்த டேன்ஸ்போர்க் கோட்டையின் கிழக்கு முகத்தில் படும் காட்சியைத் தவறவிடாதீர்கள். தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டென்மார்க் நாட்டினர் எழுப்பிய கோட்டை இது. 1845இல் ஆங்கிலேயர்களுக்கு விற்கப்படும்வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, இந்த ஊர் டென்மார்க்கினரிடமே இருந்தது. உள்ளே தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது. அதன் வார விடுமுறை நாளை முன்பே கேட்டறிந்து பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரமாவது அதற்கு ஒதுக்க வேண்டும்.

முற்பகலில் புறப்பட்டு, சீர்காழி வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து சிதம்பரம் சேருங்கள். நடராசர் கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும் என்பதால், மதியத்தில் ஓய்வெடுத்துவிட்டு மாலையில் தரிசனம் செய்து, இரவு அங்கேயே தங்குவது பொருத்தமாக இருக்கும்.

பிச்சாவரம் சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கி.மீ. தூரம். படகுத்துறை திறக்கும் வேளைக்கே அங்கே இருந்தால் வெயிலையும் கூட்டத்தையும் தவிர்க்கலாம். மோட்டார் படகு அகன்ற நீர்ப்பரப்பில் மட்டுமே ஓடும், அதன் ஓசைக்குப் பறவைகளும் விலகிவிடும். ஆகவே துடுப்புப் படகையே கேட்டு வாங்குங்கள். சுரபுன்னையின் ஊன்றுவேர்கள் இருபுறமும் வளைந்து இறங்கும் குறுகிய ஓடைகளுக்குள் துடுப்புப் படகால்தான் நுழைய முடியும். நீர்மட்டம் ஓதத்தை, அதாவது கடலின் ஏற்றவற்றத்தைப் பொறுத்து நாளில் இருமுறை ஏறி இறங்குவதால், எந்த ஓடைக்குள் போகலாம் என்பதைப் படகோட்டியின் முடிவுக்கே விட்டுவிடுங்கள். தொப்பி, குடிநீர் இரண்டும் கையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் உறை எதையும் நீரில் விடக்கூடாது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்துள்ள இக்காடு 2022இல் ராம்சர் நிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, இதன் பின்னால் இருந்த குடியிருப்புகளுக்குத் திறந்த கரையிலிருந்த ஊர்களைவிடச் சேதம் குறைவாக இருந்தது. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று மக்கள் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதை, முந்தைய நாள் தரங்கம்பாடியில் கடலரித்த கோயிலைப் பார்த்துவிட்டு வருபவர் உடனே உணர்வார்.

கரைக்குத் திரும்புமுன் தில்லை மரத்தைக் காட்டும்படி படகோட்டியிடம் கேளுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்ததும், நடராசர் கோயிலின் தல விருட்சமும் இந்த மரமே. இப்போது அதை வளர்ந்த நிலையில் காண்பதற்கு ஏற்ற இடம் இக்காடுதான். அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையையே மறைக்கும். ஆகையால் படகிலிருந்தபடியே பாருங்கள். கிளையை ஒடிக்கவோ இலையைக் கிள்ளவோ வேண்டாம்.