குப்பையை உரமாக்கும் தொழில்: வேலூர்ப் பக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் காலை வியாபாரம் ஓய்ந்தபின் கோசுத் தழையும் வாழை மட்டையும் வாடிய பூவும் குவிந்து கிடப்பதைப் பார்ப்பவர்களுக்கு, இவ்வளவும் உரமானால் எத்தனை மூட்டை தேறும் என்று தோன்றாமல் இராது. பலர் அந்தக் கணக்கோடுதான் தொழிலில் இறங்குகிறார்கள். முதல் தவறும் அங்கேயே நேர்ந்துவிடுகிறது. காய்கறிக் கழிவில் 85 முதல் 90 விழுக்காடு தண்ணீர். மிஞ்சும் திடப்பொருளிலும் ஏறத்தாழப் பாதி மட்கும்போது காற்றோடு போய்விடும் என்பதால், 1 டன் கழிவைச் சுமந்து வந்தாலும் 100 கிலோ உரம் தேறுவது அரிது. அதைக் கிலோ 10 ரூபாய்க்கு விற்றால் கையில் வருவது 1,000 ரூபாய். வண்டி வாடகையும் ஆள் கூலியும் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

ஆகவே உர விற்பனையை மட்டும் நம்பித் திட்டம் போடக் கூடாது. கழிவை அகற்றித் தரும் வேலைக்கே கூலி கேட்க வேண்டும். இதைக் கேட்கத் தயங்குவதால்தான் பல உரக் கூடங்கள் மூடப்படுகின்றன என்பது என் உறுதியான எண்ணம். 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு சேரும் இடங்களைத் தனியாக வகைப்படுத்தி, தரம் பிரிக்கும் பொறுப்பை அவற்றை நடத்துவோர் மேலேயே வைத்தன. கல்யாண மண்டபம், விடுதி, பெரிய ஓட்டல் ஆகியவற்றோடு மாதக் கட்டணம் பேசி முடித்த பிறகே கொட்டகை போடுவது நல்லது.

சாண எரிவாயுக் கலன் போல உணவுக் கழிவுக்குக் கலன் அமைப்பவர்கள் வேறொரு இடத்தில் சறுக்குகிறார்கள். 1 டன் உணவுக் கழிவிலிருந்து 80 முதல் 100 கன மீட்டர் வாயு கிடைக்கும். அது சுமார் 40 கிலோ சமையல் எரிவாயுவுக்கு, அதாவது ஓட்டல்களில் வைக்கும் 19 கிலோ சிலிண்டர் இரண்டுக்குச் சமம். நல்ல வருமானந்தான், ஆனால் வாயுவை எரிக்கும் அடுப்பு பக்கத்தில் இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே நிலம் மலிவு என்று கலனை அங்கே கட்டினால், வாயுவைக் கொண்டுசேர்க்கும் செலவே லாபத்தை விழுங்கிவிடும்.

தரம் பிரிப்பதைக் கூடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பெரிய தவறு. பூமாலைக் கழிவை அப்படியே அரவை இயந்திரத்தில் போட்ட ஒரு கூடத்தில், மாலை கட்டிய செயற்கை நூல் கத்தியைச் சுற்றி இறுகி, ஒருவர் அரை நாள் உட்கார்ந்து அதை அறுத்தெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அணைக்கட்டுப் பக்கத்தில் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரி பயிரிடும் விவசாயி, மூட்டையில் அச்சிட்ட எழுத்தைப் படித்து உரம் வாங்குவதில்லை. ஒரு பிடி அள்ளிச் சாக்கின்மேல் பரப்பி, முகர்ந்து, விரலால் கிளறுகிறார். கண்ணாடிச் சில்லு ஒன்று அகப்பட்டால் அந்த ஊரிலேயே இனி வியாபாரம் இல்லை. கழிவு மேலாண்மையில் பெயர்பெற்ற வேலூர் சீனிவாசன் தம் திட்டத்தில், அழுகும் முன்பே கழிவு கைக்கு வர வேண்டும் என்று நாளுக்கு இரண்டு முறை வீடுகளில் சேகரிக்கச் செய்தார். புதிதாக வரும் கழிவைப் பிரிப்பது எளிது, பிரிக்கும் பெண்களுக்கும் நாற்றம் இல்லை.

நம் வட ஆற்காட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைகளின் சீவலும் கசடும் இலவசமாகக் கிடைக்கிறதே, தழைச்சத்து கூடுமே என்று சிலர் குவியலில் சேர்க்க எண்ணுகிறார்கள். குரோம், அதாவது குரோமிய உப்பு கொண்டு பதனிட்ட தோலின் கழிவு எந்த அளவிலும் வேண்டாம். நகரக் கழிவிலிருந்து செய்யும் உரத்தில் குரோமியம் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரம்பு. ஒரே ஒரு வண்டிக் கசடு கலந்தாலும் குவியல் முழுவதும் அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும். உலோகம் மட்காது, நிலத்தில் தங்கும்.

மண்புழு உரம் போடுவோர் சித்திரை, வைகாசி வெயிலை மறந்துவிடக் கூடாது. படுக்கையின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் புழு சாகத் தொடங்கும். தென்னங்கீற்றுப் பந்தலும் ஈரச் சாக்கும் கட்டாயம்.

கடைசியாக, கைமுதல். கழிவு தினமும் வருகிறது, கூலியும் வாரந்தோறும் கொடுக்க வேண்டும். ஆனால் உரம் மட்கி ஆற இரண்டு மூன்று மாதம் ஆகும், விவசாயி வாங்குவதோ ஆடிப்பட்டம் போன்ற பருவத்துக்கு முன்னால்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரையில்லாத குவியல் நனைந்தால், ஈரம் 25 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டிய உரம் சேறாகிவிடும். ஆறு மாதக் கூலியும் கூரைச் செலவும் கையில் சேரும்வரை, ஒரு மண்டபத்தின் கழிவோடு மட்டும் தொடங்கலாம்.