செங்கோட்டையில் தொலைநோக்கி: புதிதாக வாங்கியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புளியரையிலிருந்து ஒரு தம்பி என் கண்ணாடிக் கடைக்கு வந்தான். மூக்குக் கண்ணாடி வாங்க அல்ல. பைக்கின் பின்சீட்டில் சாக்கு சுற்றிக் கட்டியிருந்த தொலைநோக்கியை இறக்கி வைத்து, "அண்ணாச்சி, பளபளன்னு தொடச்சுத்தான் வச்சிருக்கேன், ஆனாலும் நெலா மங்கலாவே தெரியுது" என்றான். 'தொடச்சு' என்றதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. டார்ச்சைச் சாய்த்துக் குழாய்க்குள் அடித்துப் பார்த்தேன். அடிக்கண்ணாடி முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். 2014-ல் நான் போட்ட அதே கோலம்.

வடிகட்டி இல்லாமல் சூரியனைப் பார்க்காதே, மூடிய ஜன்னல் வழியாகப் பார்க்காதே என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

பெட்டியில் போட்டிருக்கும் '525 மடங்கு'

இப்படிப் பெட்டியில் போட்டிருக்கும் தொலைநோக்கி ஒன்றின் குவியத்தூரம் (கண்ணாடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரை உள்ள தூரம்) 700 மில்லிமீட்டர். கூடவே வரும் 4 மில்லிமீட்டர் ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வகுத்தால் 175. அதற்கு மேல், உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றைச் சொருகினால் 525. கணக்கு சரிதான். ஆனால் அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடி 76 மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் விட்டத்துக்கு இரண்டு மடங்கு, அதாவது 150 வரை போகலாம். அதைத் தாண்டினால் பெரிதாகத் தெரியும், தெளிவாகத் தெரியாது. சனியின் வளையத்தைப் பார்க்க 20 மில்லிமீட்டர் ஐபீஸ் தருகிற 35 மடங்கே போதும். வாங்கும்போது கேட்க வேண்டியது விட்டம் எவ்வளவு, கால்கள் ஆடுமா என்ற இரண்டைத்தான்.

கண்ணாடியைத் துடைப்பது

இதைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

எங்கள் ஊரில் ஜூன் பிறந்தால் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் உள்ளே வந்துவிடும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சீசன். தொலைநோக்கி வைத்திருப்பவனுக்கு மூட்டை கட்டும் காலம். 2014-ல்தான் ஆறு அங்குல நியூட்டோனியன் (அடியில் இருக்கும் குழிக்கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) ஒன்று வாங்கியிருந்தேன். சாரலில் நனையக் கூடாதே என்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி, காற்றுப் புகாமல் கயிறு கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஈரம் உள்ளே போகாமல் இருக்க நான் செய்த ஏற்பாடு, உள்ளே இருந்த ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. செப்டம்பரில் பிரித்தபோது ஐபீஸில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாகப் பூஞ்சை ஓடியிருந்தது. கண்ணாடியின் மேல் சாம்பல் பூத்தது போல ஒரு படலம்.

நான் கண்ணாடிக் கடைக்காரன் அல்லவா! கடையிலிருந்த ஸ்பிரேயை அடித்து, மெல்லிய துணியால் வட்டமாகத் துடைத்தேன். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் செய்வதைத்தான் செய்தேன். தொழில் புத்தி.

முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ரசம் பின்பக்கம் இருக்கும். முன்னால் எவ்வளவு தேய்த்தாலும் கண்ணாடிதான் தேயும். தொலைநோக்கிக் கண்ணாடியில் அலுமினியப் பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கிறது. ஒளி கண்ணாடிக்குள் நுழையாமல் மேலேயே பட்டுத் திரும்ப வேண்டும் என்பதற்காக அப்படி. அந்தப் பூச்சின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர், ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதன் மேல் காப்புக்கு இன்னொரு பூச்சு இருந்தாலும், மண்துகளை வைத்துத் தேய்த்தால் தாங்காது. மறுநாள் விடியற்காலை வியாழனைப் பார்த்தேன். சுற்றிலும் மீசை முளைத்தது போல ஒளி சிதறியது.

கண்ணாடியைக் கழற்றி மறுபூச்சுக்கு அனுப்பினேன். வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு போனது. பணம் போனதுகூட மறந்துவிட்டது. திரும்பி வரும்போது பங்குனி ஆகிவிட்டது என்பதுதான் இன்னும் ஆறவில்லை. சாரல் முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. எங்களுக்கு வானம் திறப்பதே தை, மாசியில்தான். அந்த இரண்டு மாதமும் வெறும் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தூசி இருந்தால் இருக்கட்டும். கொஞ்சம் தூசி தின்னும் ஒளி கண்ணுக்கே தெரியாது. கீறல் போட்டால் போட்டதுதான். பூஞ்சையோ பறவை எச்சமோ பட்டு, கழுவியே ஆக வேண்டும் என்றால், கண்ணாடியைக் கழற்றி முதலில் ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள். பிறகு இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்ட தண்ணீரில் ஊறவிடுங்கள். நனைந்த பஞ்சை அதன் சொந்த கனத்திலேயே ஒரு திசையில் இழுங்கள், விரல் அழுத்தக் கூடாது. ஒரு இழுவைக்கு ஒரு பஞ்சு. கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர், இல்லையென்றால் உப்புப் பொட்டு நிற்கும். செங்குத்தாகச் சாய்த்து வைத்து, தானாகக் காயவிடுங்கள். துண்டை எடுக்காதீர்கள்!

சாரல் மாதங்களில் ஐபீஸ்களை இறுக்கமான டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். ஜெல்லின் நிறம் மாறினால் அதற்கென்றே வைத்திருக்கும் பழைய சட்டியில் சூடாக்கி ஈரம் போக்குவேன் (சமையல் சட்டியைத் தொட வேண்டாம், அந்த நிறத்துக்குச் சேர்ப்பது விஷமாகவும் இருக்கலாம்). குழாயைப் பருத்தித் துணியால் மட்டும் மூடி, காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி வைக்கிறேன்.

மொட்டை மாடி

பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் நடுராத்திரி வரை சூட்டைக் கக்கும். கிரகம் தண்ணீருக்கடியில் கிடப்பது போல நெளியும். வயல் வரப்போ தோப்புக்கு நடுவே மண்தரையோ பத்து மடங்கு மேல். எங்கே வைத்தாலும் அரை மணி நேரம் குழாய் ஆறட்டும்.

போட்டோவில் வரும் கலரை எதிர்பார்ப்பது

மிருகசீரிடம் இருக்கும் அதே ஓரியன் கூட்டத்தில் உள்ள ஓரியன் நெபுலா (வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம்) கண்ணுக்குச் சாம்பல் நிறம்தான். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது.

ஈக்வடோரியல் மவுன்ட்

இது பூமி சுழல்வதற்கு ஏற்ப நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து திருப்ப உதவும் தாங்கி. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டும். அது அடிவானத்திலிருந்து எத்தனை பாகையில் நிற்கும் என்பது நம் அட்சரேகையைப் பொறுத்தது. டெல்லியில் சுமார் 29 பாகை. செங்கோட்டையில் 9. கையை நீட்டி விரல்களை மடக்கினால் அந்தக் கைப்பிடியின் அகலமே 10 பாகை வரும். அவ்வளவு தாழ்வில், எங்கள் வடக்கே இருக்கிற தென்னந்தோப்பில் கீற்றுதான் தெரியும், துருவ நட்சத்திரம் அல்ல. அச்சை அவ்வளவு தாழ்த்தினால் எடைக்கட்டை முக்காலியின் காலில் இடிப்பதும் உண்டு. டாப்சோனியன் (தரையில் வைக்கும் எளிய பெட்டித் தாங்கியில் வரும் தொலைநோக்கி) வாங்குங்கள், தூக்கி வைத்துத் திருப்பினால் வேலை முடிந்தது.

வடக்கு போனால் போகட்டும். தை கடைசி, மாசி தொடக்கத்தில் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் தெற்கே திரும்பினால், பொதிகை இருக்கும் திசையில் அகத்திய நட்சத்திரம் நிற்கும். 28 பாகை உயரத்தில். டெல்லிக்காரருக்கு அது அடிவானப் புழுதியை ஒட்டித்தான் கிடைக்கும்.

ஆகஸ்டில் செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியும்

தெரியாது. 2003 ஆகஸ்ட் 27 அன்று, 5.6 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி வந்தபோதுகூட, நிலாவின் விட்டத்தில் சுமார் 75-ல் ஒரு பங்குதான் இருந்தது. எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி இன்னும் சுற்றுகிறது. போன தடவை அனுப்பியவர் என் மைத்துனர்.