கண் அசந்த நிமிடமும் அதன் பிறகு நாம் செய்யும் தவறுகளும்

பள்ளி விடுமுறை நாள், காலை பத்தரை மணி. மனைவி வேலைக்குப் போயிருந்தார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அன்று என் பொறுப்பு. பதினான்கு மாத மகள் கூடத்தில் எவர்சில்வர் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது மகன் டிவியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் போனுக்கு வந்த எண்ணைக் கேட்டார். போன் படுக்கையறையில் சார்ஜில் இருந்தது. எடுத்துவந்து எண்ணைச் சொன்னேன், சில்லறை தேடிப் பணம் கொடுத்தேன், அடுப்பருகே லேசாக வாடை வருகிறதே என்று அவரிடம் விசாரித்தேன். திரும்பிப் பார்த்தபோது கூடத்தில் கிண்ணங்கள் மட்டும் கிடந்தன.

குளியலறையில், துணி ஊறவைக்கப் பாதி நிரப்பியிருந்த வாளியின் விளிம்புக்கு மேலே இரண்டு சின்னக் குதிகால்கள் தெரிந்தன. கூச்சல் இல்லை. தண்ணீர் தளும்பும் சத்தம்கூட இல்லை. இழுத்துத் தூக்கினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. இருமினாள், தண்ணீரைக் கக்கினாள், பிறகு வீறிட்டு அழுதாள்.

இப்போது அவளுக்கு நான்கு வயது. எந்தக் குறையும் இல்லாமல் ஓடியாடுகிறாள். வாளியைத் திறந்து வைத்தது நான் செய்த தவறுதான். அதை எங்கும் மறுக்கமாட்டேன். ஆனால் அதன் பிறகு வந்த நாட்களில் நானும் எங்கள் குடும்பத்தாரும் செய்த தவறுகள் அதைவிட நீளமானவை. வேறு வீடுகளிலும் அவையே நடப்பதைக் கண்டபிறகு இதை எழுதுகிறேன்.

பாசம் இருந்தால் கவனம் தவறாது என்று நம்புவது

எல்லாவற்றுக்கும் வேர் இந்த நம்பிக்கை. “குழந்தை மேல் உயிரையே வைத்திருக்கிறேன், நான் எப்படி அசட்டையாக இருப்பேன்?” என்று நானும் நினைத்தவன்தான். பாசம் இருக்கும் இடத்திலும் கவனம் நழுவும். வழியில் மருந்து வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பி, பழகிய பாதையிலேயே வண்டியை ஓட்டி, வெறும் கையோடு வீட்டு வாசலில் வந்து நிற்கிறோமே, குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அதே மூளைதான்.

இதன் மிகக் கொடுமையான வடிவத்தை அமெரிக்காவில் பார்க்கலாம். அங்கே காருக்குள் வெப்பத்தில் சிக்கி ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், அழைத்துச் சென்றவரே மறந்துவிட்டதால் உள்ளே இருந்தவர்கள். முன்னிருக்கை ஏர்பேக் விரியும் வேகத்தில் குழந்தைகள் உயிரிழந்ததால், 1990களில் குழந்தை இருக்கையைப் பின்பக்கம் மாற்றச் சொன்னார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் பின்னால் தூங்கும் குழந்தை ஓட்டுபவரின் கண்ணில் படாமல் போனது. தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டேவிட் டைமண்ட் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். பழக்கப்பட்டதைத் தானாகச் செய்யும் மூளைப்பகுதி, “இன்று குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டும்” என்ற நினைவை மேவிவிடுகிறது என்கிறார். தூக்கம் கெட்ட இரவும், வழக்கம் மாறிய நாளும் போதும். அதனால்தான் அங்கே கைப்பையையோ செருப்பையோ பின்னிருக்கையில் குழந்தையின் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார்கள். அதை எடுக்காமல் யாரும் இறங்கிப் போக முடியாது.

நம் வீட்டுக்கும் இதே கணக்குதான். “இனி கவனமாக இருப்பேன்” என்று சபதம் எடுப்பதால் பயன் இல்லை. ஒரு நிமிடம் கவனம் தவறும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்த நிமிடத்தில் குழந்தைக்கு ஒன்றும் ஆகாதபடி வீட்டை வைத்துக்கொள்ள வேண்டும்.

சத்தம் கேட்கும் என்று காத்திருப்பது

குழந்தை தண்ணீரில் விழுந்தால் கத்தும், கையைக் காலை உதைக்கும், நாம் ஓடிவிடலாம் என்று நினைக்கிறோம். முகம் தண்ணீருக்குள் போன குழந்தையால் கத்த முடியாது. பெரியவர்களோடு ஒப்பிட்டால் தவழும், தத்தி நடக்கும் வயதில் உடல் அளவுக்குத் தலை பெரிது. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலைதான். எட்டிப் பார்த்து விளிம்பைத் தாண்டினால் தலைப்பாரமே கவிழ்த்துவிடும். தண்ணீர் இருக்கும் வாளி கனமாக இருப்பதால் சாயாது. தன்னைத் தூக்கிக்கொள்ளும் வலு அந்தக் கைகளுக்கு இல்லை. மூக்கும் வாயும் மூழ்கும் சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும்.

உலக அளவில் 2021இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்கும் குறைந்த குழந்தை. கடல், ஆறு, குளம் என்றுதான் நமக்குத் தோன்றும். தண்ணீர் வராத நாளுக்காக நிரப்பி வைக்கும் டிரம்மும், மூடி போடாத தரைத்தொட்டியும், குளியலறை வாளியும் கண்ணில் படுவதே இல்லை. தமிழ்நாட்டில் தண்ணீரைச் சேமிக்காமல் எந்தக் குடும்பமும் நடத்த முடியாது; அதைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலை முடிந்த வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். டிரம்முக்கு இறுக்கமான மூடி போடுங்கள். குளியலறைக் கதவின் வெளிப்பக்கம், பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு கொக்கி போடுங்கள். எங்கள் வீட்டுக் கொக்கிக்குத் தச்சர் கூலியோடு ஆன செலவு, அன்று மருத்துவமனைக்குப் போன ஆட்டோ கட்டணத்தைவிடக் குறைவு.

ஒன்று நடந்துவிட்டால் குழந்தையைத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள், காலைப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றப் பார்க்காதீர்கள். ஊரில் பெரியவர்கள் இன்னும் செய்கிறார்கள். மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும், மார்பை அழுத்த வேண்டும், இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். குழந்தை அழுது தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். நுரையீரலில் புகுந்த தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைத் தரலாம்.

யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விடுவது

கல்யாண வீட்டில் நாற்பது பேர் இருக்கும் கூடத்தில் குழந்தை காணாமல் போவது இதனால்தான். எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் ஒருவரும் பார்க்கவில்லை. “நான் குளிக்கப் போகிறேன், இவன் உங்கள் பொறுப்பு” என்று பெயர் சொல்லிக் கேட்டு, அவர் “சரி” என்று சொன்ன பிறகே நகர வேண்டும்.

இதில் தாய்மாரைக் குற்றம் சொல்வோருக்கு வங்கதேசத்தைக் காட்டுவேன். அங்கே சிறு குழந்தைகள் குளங்களில் மூழ்கியது பெரும்பாலும் காலை 9 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் இடையில். தாய் சமைக்கும், துவைக்கும் நேரம். அந்த நேரத்துக்கு மட்டும் கிராமத்திலேயே ஒரு பெண் நடத்தும் குழந்தைக் காப்பகங்களை ஏற்படுத்தினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. தாய்மாரின் பாசம் அதே அளவுதான் இருந்தது. குழந்தையைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண்கள் கிடைத்தன.

டாக்டரிடம் குறைத்துச் சொல்வது

“எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்தாள்?” என்று அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டார். “சில வினாடிதான், பக்கத்திலேயே இருந்தேன்” என்றேன். பொய். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான்கு நிமிடம் அவளைப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும். அந்த நான்கு நிமிடத்தில் எப்போது விழுந்தாள் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

டாக்டர் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே, “சார், நீங்கள் நல்ல அப்பாவா என்று நான் கேட்கவில்லை. கடைசியாக எப்போது இவளைப் பார்த்தீர்கள்?” என்றார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். உடனே கண்காணிப்பில் சேர்த்துக்கொண்டார்கள், இரவு வரை விரலில் ஆக்சிஜன் அளவிடும் கருவி. என் முதல் பதிலை நம்பியிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்களோ என்னவோ.

குற்ற உணர்வு கொண்டு வரும் ஆபத்துகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையைத் தூக்கி வருகிறவர்கள் “வாயில் வைத்தான், துப்பிவிட்டான்” என்கிறார்கள். வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்ததை மறைக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு வாந்தி எடுக்க வைப்பதுதான் பெரிய கேடு. மேலே வரும்போது அது மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலை அழற்சியாக்கும். வாந்தி எடுத்தானா என்பது டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் வட்ட வடிவ பட்டன் பேட்டரி இன்னும் மோசம். நாணயம் விழுங்கினால் வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கும் பழக்கம் நமக்கு உண்டு. பேட்டரி தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் தங்கினால் 2 மணி நேரத்திலேயே அரித்துப் புண்ணாக்கிவிடும். எக்ஸ்ரேயில் நாணயமும் பேட்டரியும் முதல் பார்வையில் ஒன்று போலவே தெரியும். “ரிமோட்டின் மூடி கழன்று கிடந்தது” என்று நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம் குழந்தையின் உணவுக்குழாயைக் காப்பாற்றக்கூடும்.

என்ன, எவ்வளவு, எப்போது, வீட்டில் என்ன செய்தீர்கள். வெட்கப்படுவதை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம்.

“நீ எங்கே போயிருந்தாய்?”

செய்தி கேட்டு வந்த உறவினர் ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். என்னிடம் இல்லை, என் மனைவியிடம். அவர் எங்கே போயிருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அலுவலகத்தில் இருந்தார். வீட்டில் இருந்தவன் நான், போனைத் தேடியவன் நான். எனக்கு “பாவம், பயந்துபோய்விட்டார்” என்று காப்பி கொடுத்தார்கள். நான் அதைக் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். “நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளைக் கேட்காதீர்கள்” என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. வாளியைவிட அந்த இரண்டு நாள்தான் எனக்கு இன்றும் கனமாக இருக்கிறது.

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் கைக்குழந்தை தவறி விழுந்து, கீழ்த்தளத்துக் கூரைத் தகட்டில் சிக்கியது. அக்கம்பக்கத்தார் துணிந்து மீட்டார்கள். காணொளியைப் பார்க்காதவர்கள் குறைவு. மீட்டவர்களைப் பாராட்டிய அதே வேகத்தில், முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர் அந்தத் தாயைத் திட்டி எழுதினார்கள். சில வாரங்களில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மன அழுத்தத்துக்குச் சிகிச்சையில் இருந்தவர் என்று செய்திகள் கூறின. ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்வது சரியல்ல. ஆனால் குழந்தை பிழைத்த வீட்டில் தாய் இல்லாமல் போனார். திட்டி எழுதியவர்களில் எத்தனை பேர் வீட்டு பால்கனிக்கு வலை அடித்தார்கள்?

நடந்த அன்று அந்தப் பெற்றோரிடம் காரணம் கேட்காதீர்கள். அவர்கள் ஏற்கெனவே ஆயிரம் முறை கேட்டுக்கொண்டிருப்பார்கள். சாப்பாடு கொண்டுபோங்கள், மற்ற குழந்தையைப் பள்ளியில் விடுங்கள், இரவு ஒருவர் துணைக்கு இருங்கள்.

மூத்த குழந்தையின் தலையில் ஏற்றுவது

“அண்ணன்காரன் பக்கத்திலேதானே இருந்தான்?” என்று ஒரு பெரியவர் சொன்னார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துதான் கவனித்தேன்: மகன் இரவு படுக்கப் போகும் முன் குளியலறைக்குப் போய், வாளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறான். கவிழ்த்து வைத்த வாளியைக்கூடத் தூக்கிப் பார்க்கிறான். எதற்கு என்று கேட்டேன். “நான் கார்ட்டூன் பார்க்காமல் இருந்திருந்தால் பாப்பா விழுந்திருக்கமாட்டாள்” என்றான்.

ஏழு வயதுப் பையன் அவன். தங்கையைக் காப்பது அவன் வேலையே கிடையாது. விளையாட்டுக்காக “பாப்பாவைப் பார்த்துக்கொள்” என்று நாம் சொல்வதைக் குழந்தைகள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அவனை மடியில் உட்காரவைத்து, அன்று பொறுப்பு யாருடையது, நான் எங்கே நின்றேன், என்ன மறந்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். ஒரு முறை சொன்னால் போகவில்லை. பல வாரம் சொல்ல வேண்டியிருந்தது.

தண்டனையைத் தனக்கே கொடுத்துக்கொள்வது

நான் மகளைத் தனியாகக் குளிப்பாட்ட மறுத்தேன். அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மணிக்கு ஒருமுறை எழுந்து பார்த்தேன். தூக்கம் கெட்டவனின் கவனம் இன்னும் மோசமாகும் என்பது அப்போது உறைக்கவில்லை. அந்தக் காட்சி ஒரு மாதத்துக்கு மேலும் திரும்பத் திரும்ப வந்தால், குழந்தையைத் தொடவே பயமாக இருந்தால், அல்லது ஒரு நொடியும் இறக்கிவிட முடியாமல் போனால், அது சிகிச்சை தேவைப்படும் நிலை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 104 என்ற எண்ணிலும், அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணிலும் தமிழில் பேசலாம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே பேசுங்கள்.

எனக்கு உதவியது பேச்சுதான். மைத்துனியிடம் சொன்னபோது, தன் மகன் மூன்றாம் மாடி ஜன்னல் திட்டில் ஏறி நின்றதை முதல்முறையாகச் சொன்னார். நடந்து ஆறு வருடம். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் அன்றே சொல்லியிருந்தால் நாங்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்திருப்போம், அப்படியே வாளியையும்.

சிலிண்டர்காரரிடமும் அடுத்த முறை வந்தபோது சொன்னேன். தோளிலிருந்த சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றார். இப்போது எங்கள் தெருவில் சிறு குழந்தை இருக்கும் வீடுகளில் மணியை அடித்துவிட்டு அவர் சொல்கிறாராம்: “முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். நான் நிற்கிறேன்.”