லா ரிவ்யூ கட்டுரையைத் தேடிப் படிப்பது எப்படி? பெர்க்லியிலிருந்து ஓர் உதாரணம்

"48 கலிஃப். எல். ரெவ். 383 (1960)". சட்டப் புத்தகத்தின் அடிக்குறிப்பில் இப்படி ஒரு வரியை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு பஸ் நம்பர் மாதிரிதான் தெரிந்தது. லா ரிவ்யூ என்றால் சட்டப் பள்ளியிலிருந்து வரும் ஆய்வு இதழ்; அப்படி ஓர் இதழில் வந்த கட்டுரையின் முகவரிதான் இது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே போவோம்.

படி 1: வரியைப் பிரியுங்கள். முதல் எண் தொகுதி, நடுவில் இதழின் சுருக்கப் பெயர், கடைசி எண் கட்டுரை தொடங்கும் பக்கம், அடைப்புக்குள் ஆண்டு. அதாவது கலிஃபோர்னியா லா ரிவ்யூ, 48-ஆம் தொகுதி, 383-ஆம் பக்கம். முதலில் இருப்பதைப் பக்க எண் என்று நினைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

படி 2: இதழ் யாருடையது என்று பாருங்கள். இது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி சட்டப் பள்ளியிலிருந்து 1912 முதல் வருகிறது. பழைய எழுத்துகளில் 'போல்ட் ஹால்' என்று வந்தால் குழம்ப வேண்டாம், அதே பள்ளிதான். அந்தப் பெயருக்குரிய ஜான் போல்ட் சீனர்களுக்கு எதிராக எழுதியவர் என்பதால் 2020-இல் கட்டடத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்.

இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியம். இதழை நடத்துவது பேராசிரியர்கள் இல்லை, மாணவர்கள். கட்டுரையைத் தேர்ந்தெடுப்பது, திருத்துவது, அடிக்குறிப்பு ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிடுவது எல்லாமே அவர்கள் வேலை. மூத்த பேராசிரியர் எழுதி அனுப்புவார். அதை ஏற்பதா வேண்டாமா என்று படித்துக்கொண்டிருக்கும் ஒரு பையனோ பெண்ணோ முடிவு செய்வார். அமெரிக்கச் சட்டப் பள்ளிகளில் இதுதான் வழக்கம். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்புவதும் அங்கே தப்பில்லை. மற்ற துறைக்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

படி 3: கட்டுரையை எடுங்கள். காசு கட்டும் முன் பெர்க்லி சட்ட நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் தேடுங்கள். பழைய தொகுதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

படி 4: எழுதியவர் யார்? முதல் பக்க அடிக்குறிப்பில் பதவி இருக்கும். நம் கட்டுரையின் தலைப்பு 'பிரைவசி', எழுதியவர் வில்லியம் பிராஸர். அப்போது அந்தப் பள்ளிக்கே டீன். இன்றைய ஆசிரியர்கள் என்றால் பள்ளியின் ஃபேகல்டி பக்கத்தில் ஒவ்வொருவர் எழுதியதும் பட்டியலாக இருக்கும்.

படி 5: முதலில் எலும்புக்கூட்டைப் படியுங்கள். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவு. அப்புறம்தான் உள்ளே போக வேண்டும். பிராஸர் முந்நூறுக்கும் மேற்பட்ட வழக்குகளை வைத்து, 'அந்தரங்க உரிமை' என்று சொல்லப்படுவது உண்மையில் நான்கு வெவ்வேறு தீங்குகள் என்கிறார்: ஒருவரின் தனிமைக்குள் நுழைவது, அந்தரங்கச் சங்கதிகளை வெளியிடுவது, ஒருவரைப் பொய்யான வெளிச்சத்தில் காட்டுவது, பெயரையோ உருவத்தையோ தன் லாபத்துக்குப் பயன்படுத்துவது. பெரும்பாலான அமெரிக்க நீதிமன்றங்கள் இந்தப் பிரிவினையை எடுத்துக்கொண்டன.

படி 6: அடிக்குறிப்பைச் சந்தேகியுங்கள். புதியவர்கள் தாண்டிப் போகிற இடம் இதுதான். அந்தரங்க உரிமை பற்றி வழக்கறிஞர்கள் சாமுவேல் வாரனும் லூயிஸ் பிராண்டைஸும் 1890-இல் ஹார்வர்டு லா ரிவ்யூவில் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கே தொடக்கம். அது பிறந்த கதையைச் சொல்லும்போது, வாரனின் மகள் கல்யாணத்தைப் பத்திரிகைகள் கண்டபடி எழுதியதுதான் காரணம் என்கிறார் பிராஸர். சுவையான கதை. ஆனால் வாரனுக்குக் கல்யாணம் ஆனதே 1883-இல்! 1890-இல் மூத்த பிள்ளைக்கே ஏழு வயதுக்கு மேல் இருக்க வழியில்லை. டீன் எழுதி, அவர் மாணவர்களே சரிபார்த்த கட்டுரையில் இது அச்சேறிவிட்டது. (டீனிடம் போய் "சார், இது தப்பு" என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?) பின்னால் வந்தவர்கள் பலர் இந்தக் கதையை அப்படியே திருப்பிச் சொன்னார்கள்.

படி 7: முன்னோக்கித் தேடுங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் கட்டுரையின் பெயரைப் போட்டு, அதை மேற்கோள் காட்டிய மற்ற கட்டுரைகளின் பட்டியலைத் திறங்கள். நீளமாக வரும், பயப்படாதீர்கள். தேடல் பெட்டியில் 'வாரன்', 'கல்யாணம்' என்பதற்கான ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து வடிகட்டினால், இந்தத் தவறைப் பிடித்தவர்களில் சிலராவது கண்ணில் படுவார்கள்.