ஏசி டன் கணக்கில் சறுக்கும் இடங்கள்

ஒன்றரை டன் என்றதும் பெட்டியின் எடை என்றோ, கரண்ட் இழுக்கும் அளவு என்றோ நினைப்பவர்கள் இன்னும் உண்டு. ஐஸ்கட்டியால் குளிரூட்டிய காலத்துக் கணக்கு அது. 0 டிகிரியில் இருக்கும் 2,000 பவுண்டு (907 கிலோ) ஐஸை 24 மணி நேரத்தில் உருக்கும் வெப்பம்தான் ஒரு டன். வெப்பத்தை அளக்கும் பி.டி.யூ. அலகில் மணிக்கு 12,000, வாட்டில் 3,517.

லேபிளில் 5,000 வாட் குளிரூட்டும் திறன் என்றிருந்தால் மீட்டரில் 5 கிலோவாட் ஓடாது. ஏசி வெப்பத்தை இடம் மாற்றுகிறது, அவ்வளவே. அதற்குச் சுமார் 1,500 வாட் போதும். வயரையும் ஸ்டெபிலைசரையும் இந்த மின்சார வாட்டைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கணக்குப்படி ஒன்றரை டன் என்றால் 5,275 வாட். கடையில் அதே பெயரில் 4,700-ம் கிடைக்கும், 5,200-ம் கிடைக்கும். விலையை ஒப்பிடும்முன் பி.இ.இ. (மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு) ஸ்டார் லேபிளில் 100% திறனுக்கு நேரே உள்ள வாட்டைப் பாருங்கள். அந்த எண்ணும் அறைக்குள் 27, வெளியே 35 டிகிரி வைத்துச் சோதித்தது. மே மாத மொட்டை மாடியில், கம்பிக் கூண்டுக்குள் மூச்சுமுட்டும் அவுட்டோர் யூனிட்டிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

அதிகம் பேர் ஏமாறுவது தெர்மாமீட்டரில். உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 8 டிகிரிதான் வித்தியாசம் என்றதும் 'கேஸ் போயிடுச்சு' என்று நிரப்பச் சொல்கிறார்கள். சென்னை போன்ற கடலோர ஊரில் ஏசியின் உழைப்பில் ஒரு பங்கு காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்கப் போகிறது. அது தெர்மாமீட்டரில் தெரியாது. டிரெயின் பைப்பின் கீழே பக்கெட் வைத்து ஒரு மணி நேரம் அளந்து பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 680 வாட் திறன் அங்கே செலவாகியிருக்கிறது. ஒன்றரை லிட்டர் வந்தால் ஒரு கிலோவாட்! ஃபில்டரைக் கழுவி, இந்தத் தண்ணீரையும் கணக்கில் சேர்த்த பிறகு கேஸைச் சந்தேகிக்கலாம்.

சதுர அடியை மட்டும் வைத்து டன்னை முடிவு செய்வதும் தவறு. மேலே வெயில் காயும் தளமும் மேற்குச் சுவரும் உள்ள அறைக்கு, அதே அளவுள்ள கீழ்த்தள அறையைவிடக் கூடுதல் திறன் வேண்டும். அதற்காக 'பெரிசா இருக்கட்டும்' என்று சின்ன அறையில் 2 டன் மாட்டினால், இன்வெர்ட்டர் இல்லாத, அதாவது வேகத்தைக் குறைத்து ஓடத் தெரியாத கம்ப்ரசர் சில நிமிடங்களிலேயே நின்றுவிடும். ஈரம் வடிய நேரம் இருக்காது. 24 டிகிரி காட்டினாலும் உடம்பு பிசுபிசுக்கும்.