மாநகராட்சிப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. மதுரை மாநகராட்சிப் பள்ளிகளில் தலைவரும் பெற்றோருள் ஒருவரே என்பதால், தேர்வு பெற்றோராகிய உங்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தின் நேரத்தைக் கவனியுங்கள். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு விடியுமுன் புறப்படுபவர்களும் கூலி வேலைக்குச் செல்பவர்களும் வர இயலாத வேளையில் கூட்டம் நடந்தால், ஓய்வாக இருக்கும் சிலரே முடிவெடுப்பார்கள். ஆகவே நேரத்தை மாற்றுமாறு தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

வார்டில் செல்வாக்குள்ளவர் என்பதற்காக மட்டும் ஒருவரை முன்மொழிய வேண்டாம். மானியம் செலவான விவரத்தைக் கேட்கவும், கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லையெனில் மண்டல அலுவலகத்திற்கு மனு எழுதவும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடவும் துணிபவரே தேவை (படிக்காமல் கையொப்பமிடுபவர்கள் ஏற்கெனவே ஏராளம்). காலை உணவின் தரத்தையும் அவர் பார்க்க வேண்டும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று இந்நகரின் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது.

அவருடைய பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்றும் விசாரியுங்கள். குழுவின் காலம் இரண்டு ஆண்டுகள். ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளியில், ஐந்தாம் வகுப்பு மாணவரின் பெற்றோரைவிட இரண்டாம் வகுப்பு மாணவரின் பெற்றோரே பொருத்தமானவர்.

போட்டி இருந்தால், வெளிப்படையாகக் கை உயர்த்தச் சொல்வதைவிடச் சீட்டில் எழுதி வாங்குவது நல்லது. முடிவைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதி, வந்திருந்தோரின் கையொப்பங்களை அன்றே பெற்றுவிடுங்கள்.